மீட்டிங்குக்கு சேதாரம் உண்டா?

விசிட்டிங் கார்டில் கன்சல்டன்ட் என்று போட்டிருந்தாலும் நான் செய்வது கோடிங்தான். சேலத்துக்காரன் என்ற ஒரே தகுதிக்காக, செவ்வாய்பேட்டை கொலுசு வியாபாரி ஒருவரின் ஸ்டாக் சாப்ட்வேர் வேலைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் சென்னையிலிருந்து லேப்டாப்பில் தலைகாட்டினார்.

கொலுசுக் கணக்கு லேசுப்பட்டதில்லை. ரூபாய்க்கு ஒரு பேரேடு, வெள்ளிக்கு ஒரு பேரேடு. பட்டறைக்குப் போவது கட்டி வெள்ளி, திரும்பி வருவது கொலுசு. 70 டச்சில், அதாவது 70 சதவீதம் சுத்த வெள்ளியாக, 10 கிலோ கொலுசு வந்தால், பட்டறைக்காரர் பேரில் சுத்த வெள்ளி 7 கிலோ வரவு. அதற்குமேல் சேதாரம், கூலி. ஜிஎஸ்டியும் கொலுசுக்கு 3 சதவீதம், பட்டறைக் கூலிக்கு 5 என்று தனித்தனி. எக்செல்லில் நான் ஃபார்முலா போட்டு முடிப்பதற்குள், வியாபாரி அண்ணன் துண்டுச்சீட்டில் விடையை எழுதிவிட்டு தட்டுவடை செட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

பிறகுதான் எங்கள் எஸ்டிமேட்டைக் கையில் எடுத்தார். மொத்தம் 320 மணி நேரம்.

"தம்பி, எங்களுக்கு கிலோவுக்குக் கூலி. உங்களுக்கு மணிக்கா?"

"ஆமாங்கண்ணா."

"அப்ப மெதுவா செஞ்சா லாபமுங்களா?"

மேனேஜரின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. நெட்வொர்க் பிரச்சினை என்றுதான் இன்றுவரை சொல்கிறார்.

"இதுல டிஸ்கஷன்னு 40 மணி இருக்கே, அது கூலியில சேருமா, சேதாரத்துல சேருமா?"

கால் மணி நேரம் என்று ஆரம்பித்து மதியச் சாப்பாட்டைத் தொடும் எங்கள் தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குகள் கண்முன் வந்துபோயின. மனசாட்சிப்படி சேதாரம்தான். ஆனால் சம்பளமும் அதில்தானே வருகிறது! "ரெண்டுலயும் கொஞ்சங்கண்ணா" என்று மழுப்பினேன்.

"பட்டறையில சேதாரம்னா, தூசியைக் கூட்டி அள்ளி உருக்கி, அதுல இருக்கிற வெள்ளியையும் எடுத்துருவோம் தம்பி. உங்க மீட்டிங்கக் கூட்டி அள்ளினா என்ன கிடைக்கும்?"

நல்லவேளை, என் வாய் நிறைய தட்டுவடை இருந்தது.

ஒருவழியாக மேனேஜர் உயிர்பெற்று, பேரம் 280 மணியில் படிந்தது. நான் லேப்டாப்பை மூடப் போனபோது அண்ணன் கையமர்த்தினார்.

"எங்கிட்ட பழைய சாப்ட்வேர் ஒண்ணு கெடக்கு. எக்ஸ்சேஞ்ச் போட்டா எவ்வளவு கழிப்பீங்க?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "டீமோட ஒரு மீட்டிங் போட்டுட்டுச் சொல்றேன் சார்."