333 வருடம் கடலில் கிடந்த மரம்

ஸ்டாக்ஹோமில் நாங்கள் இருந்தது நான்கு நாள். அதில் இரண்டு நாள் வாசா என்ற ஒரே பழைய கப்பலைப் பார்க்கப் போனோம். ஊருக்கு வந்து இதைச் சொன்னால் பலருக்குப் புரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். மாமனார் மரப்படகில் கடலுக்குப் போனவர். சின்ன வயதில் இவர் செய்த வேலைகளில் ஒன்று, கரைக்கு இழுத்துப் போட்ட படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பது. சத்தம் வெறுமையாகக் கேட்டால் உள்ளே புழு புகுந்துவிட்டது என்று அர்த்தம். கடல்நீரிலேயே கிடக்கும் மரத்தை அந்தப் புழு சல்லடையாக்கிவிடும். அந்தக் கண்ணோடுதான் இவர் வாசா கப்பலுக்கு முன்னால் போய் நின்றார்.

ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் இருக்கிற நகரம். ஒரு பக்கம் மேலாரன் ஏரி, இன்னொரு பக்கம் பால்டிக் கடல். ஸ்லுசென் என்ற இடத்தில் இரண்டும் ஒரு மதகின் இருபுறமும் நிற்கின்றன. அங்கிருந்து ஒரு படகில், வாசாவை வைத்திருக்கும் அருங்காட்சியகம் உள்ள யூர்கோர்டன் தீவுக்குப் போனோம். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் எடுக்கிற டிக்கெட்டே படகுக்கும் செல்லும். பத்து நிமிடப் பயணம்தான். ஜூன் மாதம் என்றாலும் காற்று குளிர்ந்து அடித்தது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார, இவர் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

அருங்காட்சியகத்துக்குள் வெளிச்சம் குறைவு. கண் பழகச் சற்று நேரம் ஆகிறது. அப்புறம் கறுத்த மரமலை போல அது எழுந்து நிற்கிறது. நீளம் 69 மீட்டர். பின்புறம் முழுக்கச் சிங்கங்களும் வீரர்களும் அரசர்களுமாகச் சிற்பங்கள். இன்று நாம் பார்ப்பதில் 98 சதவீதம் அசல் மரம்.

1628 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை, வாசா முதல்முறையாகப் பாய் விரித்தது. இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் அரசர் ஆசைப்பட்டுக் கட்டிய போர்க்கப்பல். இரண்டு அடுக்கில் 64 பீரங்கிகள். முதல் பயணம் என்பதால் மாலுமிகளின் மனைவி, பிள்ளைகளும் கொஞ்ச தூரம் கூட வரலாம் என்று அனுமதி இருந்தது. கரையில் ஊரே திரண்டு நின்று பார்த்தது. ஏறத்தாழ 1300 மீட்டர் போனதும் ஒரு காற்று வீசியது. கப்பல் சாய்ந்தது. திறந்து வைத்திருந்த கீழடுக்குப் பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான். முப்பது பேர் அளவில் இறந்தார்கள்.

மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை. இது புறப்படும் முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. முப்பது ஆட்களை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து சோதனையை நிறுத்திவிட்டார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. பின்னால் விசாரணை நடந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. கட்டிய தலைமைத் தச்சர் அதற்கு முந்தைய வருடமே இறந்திருந்தார்.

தச்சர்கள் பயன்படுத்திய நான்கு அளவுகோல்கள் கப்பலுக்குள் கிடைத்திருக்கின்றன. இரண்டு ஸ்வீடன் அடிக்கணக்கு, இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கு. ஸ்வீடன் அடிக்கு 12 அங்குலம், ஆம்ஸ்டர்டாம் அடிக்கு 11. ஒரே கப்பலுக்கு இரண்டு விதக் கணக்கு. இவர் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை.

சரி, மரம் எப்படி அழியாமல் இருந்தது? பால்டிக் கடலில் உப்பு குறைவு. அந்தப் புழுவால் அந்த நீரில் வாழ முடியாது. அதனால் 1961 ஏப்ரல் 24 அன்று, 333 வருடத்துக்குப் பிறகு, கப்பலை ஏறக்குறைய முழுதாக மேலே கொண்டுவர முடிந்தது. காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்பதால் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலைப் பதினேழு வருடம் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். தோற்றுப்போன ஒரு கப்பலுக்காக இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்ததை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த இரண்டு நாள் மற்ற ஊர்சுற்றல். காம்லா ஸ்டான் என்ற பழைய நகரத்தில் 90 சென்டிமீட்டருக்குக் குறுகும் ஒரு சந்து இருக்கிறது, 36 படிகள் ஏற வேண்டும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கத்தான் வேண்டும். பக்கத்திலுள்ள சதுக்கத்தில் 1520இல் டென்மார்க் அரசர் 80க்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தார். இப்போது அங்கே உட்கார்ந்து ஏலக்காய் பன்னும் காபியும் சாப்பிடுகிறார்கள். நாங்களும் சாப்பிட்டோம். ஏலக்காய் மணம் ஊர் ஞாபகத்தைக் கிளப்பியது. பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை, கையில் கார்டு கட்டாயம் வேண்டும். மெட்ரோவில் டி-சென்ட்ராலென் நிலையத்தின் நீலப் பாதைத் தளத்தைப் பார்க்காமல் வராதீர்கள். பாறையைக் குடைந்த கூரை முழுக்க நீல இலைகளும் கொடிகளும். அந்தச் சுரங்கத்தை உருவாக்கிய தொழிலாளர்களின் நிழலுருவங்களும் அங்கே வரையப்பட்டிருக்கின்றன. அது எனக்கு மிகவும் பிடித்தது.

நகர மன்றக் கட்டடம் 1923இல் திறக்கப்பட்டது. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். நோபல் விருந்து நடக்கும் நீல மண்டபத்தில் நீலம் இல்லை. நீலம் பூசத் திட்டமிட்டிருந்த கட்டடக் கலைஞர் ராக்னர் ஓஸ்ட்பெர்க், செங்கல்லின் சிவப்பு பிடித்துப்போனதால் அப்படியே விட்டுவிட்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. மாடியில் தங்க மண்டபம், 1 கோடியே 80 லட்சம் சில்லுகளால் ஆன சுவர்கள். ஆனாலும் நான் அதிக நேரம் நின்றது கீழே, நீல மண்டபப் படிக்கட்டின் அடியில்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது விருந்துண்ட மண்டபம் இது. 1983இல் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரும் இங்கேதான். இவரிடம் சொன்னேன். "சிதம்பரமா, நம்ம பக்கம்தான்" என்று படிக்கட்டைத் திரும்ப ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் இறங்கியது. அதன் பிறகும் முழு இருட்டு இல்லை. சோடெர்மால்ம் மேட்டில் மொன்டேலியஸ்வேகன் என்றொரு நடைபாதை உண்டு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, ஏரியும் நகர மன்றக் கோபுரமும் ரோஜா நிறமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "நாளைக்கு இன்னொரு தடவை போவோமா?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை பதினோரு மணி. நம்மூரில் மதியம் இரண்டரை. வீடியோ காலில் மாமனாரைப் பிடித்தார். கப்பலின் முழு நீளத்தையும் மெதுவாக நடந்து காட்டினார்.

"என்ன மரம்டா?"

"ஓக்குப்பா. நம்ம தேக்கு மாதிரி உறுதி."

"புழு இல்லையா?"

"இந்தத் தண்ணில உப்பு கம்மி."

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அடியில கல்லு எவ்வளவு போட்டாங்க?" என்றார்.

"120 டன்னாம்."

"இன்னும் போட்டிருக்கலாம்ல... இல்ல, போட்டிருந்தா பீரங்கி வாசல் தண்ணிக்கிட்ட இறங்கியிருக்கும். பாவம், கட்டுனவன் என்ன செய்வான்."

நாங்கள் பலகைகளைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை எண்பது வயதைத் தொடுகிற அந்த மனிதர் ஒரு சின்னத் திரையில் பார்த்துச் சொல்லிவிட்டார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ஏரா தெரியற மாதிரி அடிப்பக்கம் காட்டச் சொல்லு" என்றார் மாமனார். கப்பலுக்கு முதுகெலும்பு போல அடியில் ஓடும் மரத்தைத்தான் ஏரா என்பார்கள்.

போனை நான் வாங்கிக்கொண்டேன். மூவருமாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம்.