அப்பாவின் வெள்ளாமைக் கொப்பியை ஜேசனாக்கியபோது

அப்பாவுக்கு மட்டக்களப்பின் வெல்லாவெளியில் ஐந்து ஏக்கர் வயல். எந்தப் போகத்தில் எந்த இனம் விதைத்தார், என்றைக்கு விதைத்தார், எத்தனை மூடை வந்தது, கடையில் எவ்வளவு கடன் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பியின் ஓரங்கள் உதிரத் தொடங்கிவிட்டன. அதனால் நான் ஜாவா நிரலில் பதிந்து ஜேசன் (JSON, பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் உரை வடிவம்) கோப்பாக எழுதுவது, கல்லடியில் இருக்கும் தம்பி அதை எடுத்து போனில் வரைபடமாகக் காட்டுவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

ஜாவாவின் தரவை ஜேசனாக்கவும் திரும்ப வாசிக்கவும் உதவும் நூலகமாக (ஆயத்த நிரல் தொகுப்பாக) கூகிளின் ஜீசானை (Gson) எடுத்தேன். ஜாக்சன் என்ற இன்னொரு நூலகம் பொதுவாக கெட்டர், செட்டர் (மதிப்பை எடுக்கும், வைக்கும் செயற்கூறுகள்) வழியாகப் போகும். ஜீசான் நேரே வகுப்பின் (class, ஒரு பதிவின் அச்சு) புலங்களையே (field, அதில் ஒவ்வொரு தரவும் இருக்கும் இடம்) படிக்கும். என் வகுப்பு சின்னது, அதற்கு இதுவே போதும்.

முதல் சனிக்கிழமை

ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நெல்லினம், மூடைகள், விதைத்தநாள் என்று வைத்தேன். எழுதும்போதே அப்பாவின் கொப்பியைப் பார்ப்பது போல இருந்தது. தம்பிக்கோ அடிக்கோடு போட்ட ஆங்கிலப் பெயர்கள்தான் வேண்டும். ஒவ்வொரு புலத்துக்கும் மேலே சீரியலைஸ்ட்நேம் (SerializedName, ஜேசனில் வர வேண்டிய பெயரைச் சொல்லும்) குறிப்பைப் போட்டு அவன் கேட்ட பெயரைக் கொடுத்தேன். உள்ளே என் பெயர், வெளியே அவன் பெயர். அதே குறிப்பில் மாற்றுப் பெயர்களையும் கொடுக்கலாம்: எழுதும்போது ஒரே பெயர், வாசிக்கும்போது பழைய பெயர் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். முதலில் எழுதிய கோப்புகளைத் தூக்கி எறியாமல் காப்பாற்றியது இதுதான்.

கோப்பைத் திறந்தால் நெல்லினம் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. பிழை ஜீசானில் இல்லை. என் விண்டோஸ் லப்டொப்பில் ஜாவா 17. எழுதும்போது குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாக்கும் முறையை) சொல்லாவிட்டால் அது கணினியின் வழக்கமான குறியாக்கத்தை எடுத்துவிடும். 18ஆம் பதிப்பிலிருந்துதான் தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 இயல்பானது. கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று சொன்னதும் ‘கீரிச்சம்பா’ சரியாக வந்தது.

அடுத்த ஞாயிறு

விதைத்தநாள் புலம் லோக்கல்டேட் (LocalDate, ஜாவாவின் தேதி) வகை. ஓட்டியவுடனே பிழை. ஜீசான் அந்த வகைக்குள் கைவிட்டு அதன் உள் புலங்களைப் படிக்கப் பார்க்கிறது, ஜாவா 17 விடுவதில்லை. பழைய ஜாவா 8 ஆக இருந்தால் பிழை வராது, ஆனால் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று துண்டாக எழுதிவைக்கும். அதுவும் எனக்கு வேண்டாம். ஒரு டைப்அடாப்டர் எழுதினேன்: போகும்போது தேதியை ஒரே சொற்சரமாக்கும், வரும்போது திரும்பத் தேதியாக்கும். அப்பா தேதி எழுதாமல் விட்ட ஒரு பக்கம் வந்ததும் அதுவும் நின்றுவிட்டது. அடாப்டரோடு நல்சேஃப் (nullSafe, வெறுமை வந்தாலும் தாங்கும்) சேர்த்த பிறகுதான் ஓடியது.

அப்புறம் கடன். அது வீட்டுக்குள் இருக்க வேண்டிய கணக்கு, தம்பியின் பக்கத்துக்குப் போகக் கூடாது. டிரான்சியன்ட் என்று ஒரு சொல் போட்டால் ஜீசான் அந்தப் புலத்தைத் தொடாது என்று படித்திருந்தேன். போட்டேன், போகவில்லை, சந்தோஷம். மறுநாள், கடனும் இருந்த வீட்டுக் கோப்பை வாசித்துத் திரும்பச் சேமித்தபோது, நான் இரண்டு இரவு இருந்து பதிந்த கடன் கணக்கு முழுக்கக் காணாமல் போயிருந்தது. டிரான்சியன்ட் எழுதும்போது மட்டும் ஒதுக்குவதில்லை, வாசிக்கும்போதும் ஒதுக்கும். கொப்பி கையில் இருந்ததால் திரும்பப் பதிந்தேன்.

இப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். வெளியே போகலாம் என்ற புலங்களுக்கு மட்டும் எக்ஸ்போஸ் குறிப்பு. ஜீசான் இரண்டு வைத்திருக்கிறேன்: வீட்டுக் கோப்புக்கு சாதாரணமான ஒன்று, அது எக்ஸ்போஸைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் எழுதும், வாசிக்கும். தம்பிக்கு அனுப்புவதற்கு, எக்ஸ்போஸ் இல்லாததை விலக்கும்படி சொல்லிக் கட்டிய இன்னொன்று. வகுப்பு ஒன்றுதான்.

வரைபடம் வந்த நாள்

தம்பி போனை அப்பாவிடம் நீட்டினான். 2006/07 பெரும்போகமும் 2010/11 பெரும்போகமும் பக்கத்தில் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்தன. அப்பா இரண்டாவதைத் தொட்டு, “இது சரி. தை மாத வெள்ளத்தோட எல்லாம் போயிற்று” என்றார். முதலாவதைப் பார்த்துக் கொஞ்சநேரம் பேசவில்லை. “இது சைபர் இல்ல மகன். வெட்டுக்கு முதலே நாம இடம்பெயர்ந்திட்டம். என்ன விளைஞ்சதெண்டு ஆருக்குத் தெரியும்?”

கொப்பியைப் புரட்டினேன். 2011இல் அவர் கையால் ‘0’ எழுதியிருக்கிறார். 2007இல் அந்தக் கட்டம் வெறுமை. அவர் கவனமாகத்தான் வைத்திருந்தார், நான்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

காரணம் ஒரு சொல். மூடைகள் புலத்தை இன்ட் (int, வெறும் முழு எண் வகை) என்று வைத்திருந்தேன். இன்ட்டுக்கு வெறுமை தெரியாது. ஜேசனில் அந்தப் பெயரே இல்லாவிட்டாலும், நல் (null, மதிப்பு இல்லை என்ற குறி) என்று இருந்தாலும், அது சைபராகவே நிற்கும். வெறுமையையும் ஏற்கும் இன்டிஜர் (Integer) என்று மாற்றினேன், நல் தங்கியது. ஆனால் ஜீசான் இயல்பாக நல்லை எழுதாது, புலத்தையே விட்டுவிடும். ‘பதிய மறந்தது’, ‘தெரியாது’ இரண்டும் வேறு என்பதால் சீரியலைஸ்நல்ஸ் போட்டு நல்லையும் எழுத வைத்தேன்.

சராசரி அப்போதும் குறைவாகவே வந்தது. தம்பியின் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். அதில் நல்லை எண்ணோடு கூட்டினால் அது சைபராகவே கூடும். ஒரு சத்தமும் இல்லை.

ஆக, வெறுமையை வெறுமையாக அனுப்பி மற்றவர் புரிந்துகொள்வார் என்று விடமுடியாது. ‘நிலை’ என்று ஈனம் (enum, குறித்த சில மதிப்புகளை மட்டும் ஏற்கும்) வகையில் ஒரு புலம் சேர்த்தேன்: அறுவடை, அழிவு, தெரியாது. ஈனத்தின் ஒவ்வொரு மதிப்புக்கும் சீரியலைஸ்ட்நேம் கொடுக்கலாம், வெளியே போகும் சொல்லை நானே தீர்மானித்தேன். இதிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: கோப்பில் எழுத்துப் பிழையோடு ஒரு நிலை வந்தால் ஜீசான் பிழை சொல்லாமல் அதை ‘நல்’ ஆக்கிவிடும். அதனால் வாசித்து முடிந்ததும் நிலை ‘நல்’ ஆக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நிறுத்திவிடும் நான்கு வரிகளை எழுதினேன்.

தம்பி ‘தெரியாது’ வந்தால் சராசரியில் சேர்ப்பதில்லை, கம்பமும் வரைவதில்லை. அந்த இடத்தில் ‘இடம்பெயர்வு’ என்று எழுதச் சொன்னார் அப்பா. எழுதியிருக்கிறான்.

இனி 1990க்கு முந்திய பக்கங்கள். மை மங்கிவிட்டது. வரும் சனிக்கிழமை பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போய், முற்றத்து வெளிச்சத்தில் வைத்து அப்பாவை வாசிக்கச் சொல்லிப் பதியப்போகிறேன்.