சிண்டரெல்லாவுக்கு முன்பே யே ஷியன்

குழந்தைகளுக்கு சிண்டரெல்லா கதை சொல்பவர்கள் சீனத்துப் பெண் யே ஷியனின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர் பெரோ கண்ணாடிச் செருப்போடு எழுதியது 1697இல். யே ஷியன் கதையையோ 9ஆம் நூற்றாண்டிலேயே சீன எழுத்தாளர் துவான் செங்ஷி எழுதிவைத்துவிட்டார்.

இதில் தேவதை கிடையாது, மீன்தான். சிவப்புத் துடுப்பு, பொன்னிறக் கண். யே ஷியன் வந்தால் மட்டும் குளக்கரையில் தலையைச் சாய்க்கும். சித்தி என்ன செய்கிறாள்? யே ஷியனின் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு போய், நம்பித் தலைநீட்டிய மீனை வெட்டிச் சமைத்துத் தின்றுவிடுகிறாள். குழந்தைகள் அழத்தான் செய்வார்கள், அழட்டும். அப்புறம் அந்த எலும்புகளிடம் கேட்டுத்தான் யே ஷியனுக்குப் பொன் செருப்பு கிடைக்கிறது.

கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் சிண்டரெல்லா கதையில் உதவுவது அம்மாவின் சமாதி மேல் வளர்ந்த மரம். அக்காக்கள் காலை வெட்டிக்கொள்ளும் இடத்தை மட்டும் சின்னவர்களுக்கு நான் சொல்வதில்லை.