பூட்டைப் பார்க்க ஒரு பிளாட்பாரம் டிக்கெட்

என் தோழி டெல்லியில் இருக்கிறாள். அவளோடு பேச வேண்டுமென்றால் முதலில் அவளுடைய மாமியாரோடு பேச வேண்டும். அப்படியொரு சட்டத்தை யாரும் போடவில்லை. போன் எப்போதும் அந்த அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது, அவ்வளவுதான். "அவள் குளிக்கிறாள் மக்களே, நீ சொல்லு" என்பார். ஒரே நாளில் இத்தனை முறை குளிக்கும் பெண்ணை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் இருவரும் திண்டுக்கல்லில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவளுடைய அப்பா பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போடும் சத்தத்தில்தான் எங்கள் வீட்டுப்பாடம் நடக்கும். வகுப்பில் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள்; பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் மூடவே மாட்டேன். கணக்கு டீச்சர் அவளுக்குப் 'பூட்டு' என்றும் எனக்குச் 'சாவி' என்றும் பெயர் வைத்தார். டீச்சர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிவிட்டது, பெயர்கள் இன்னும் பணியில் இருக்கின்றன. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் முதல் வாழ்த்தை அவளுக்குத்தான் அனுப்பினேன்.

1996-இல் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில்காரர்கள். மாப்பிள்ளைக்கு டெல்லியில் மத்திய அரசு வேலை, ஆர்.கே.புரத்தில் குடியிருப்பு. இரண்டே அறைகள் கொண்ட அந்த வீட்டில் மாமனார், மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லோரும் இருந்தார்கள். அங்கிருந்து எங்கள் கடிதப் போக்குவரத்து தொடங்கியது.

அந்த நீல நிற இன்லேண்ட் லெட்டரை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், அதில் ரகசியம் எழுத இடமே கிடையாது. மூன்று பக்கம் எழுதி, மடித்து ஒட்டும் ஓரத்திலும் பொடி எழுத்தில் நாலு வரி திணித்து அனுப்புவேன். அதை வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகுதான் பூட்டின் கைக்கு வரும். அதற்குக்கூட நான் கவலைப்படவில்லை. அவளுடைய மாமனார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்பதுதான் சிக்கல். அவள் எழுதும் பதிலின் ஓரத்தில் சிவப்பு மையில் வேறொரு கையெழுத்து இருக்கும். "'வாழ்த்து கடிதம்' அன்று, 'வாழ்த்துக் கடிதம்'. வல்லினம் மிகும்." ஒருமுறை "அன்புள்ள பூட்டு, நீ எப்படி இருக்கிறாய்?" என்று எழுதியதற்கு, "பூட்டு அஃறிணை. இருக்கிறது என்று வர வேண்டும்" என்று குறிப்பு வந்தது. கிண்டலா, பாடமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளியில் வராத இலக்கணம் எனக்கு அந்தக் கடிதங்களில் வந்தது. ஒற்றுப் பிழைக்குப் பயந்து கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஒட்டுவேன். அவர் காலமானபோது எழுதிய இரங்கல் கடிதத்தையும் அப்படியே இரண்டு முறை திருத்தினேன். "இவர் இருந்திருந்தால் இதில் சிவப்பு மைக்கு வேலையே இருந்திருக்காது" என்று அந்த அம்மா பதில் எழுதியிருந்தார். நான் வாங்கிய பாராட்டுகளில் அதுதான் உசத்தி.

இடையில் எஸ்.டி.டி. காலம் வந்தது. இரவு நேரம் ஆக ஆகக் கட்டணம் குறையும் என்பதால், மஞ்சள் பலகை மாட்டிய பூத்தின் வாசலில் ஊரே தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நிற்கும். பூட்டின் வீட்டில் போன் இல்லை. கீழ்த்தளத்தில் குடியிருந்த பஞ்சாபி அம்மையாரின் போன்தான் பி.பி. நம்பர். 011 சுற்றி, மணியடித்து, அந்த அம்மையார் எடுத்து, நான் பூட்டின் பெயரைச் சொல்லி, அவர் முற்றத்துக்குப் போய் மூன்றாவது மாடியை நோக்கிக் குரல் கொடுத்து, அவள் இறங்கி வருவதற்குள் மீட்டரின் சிவப்பு எண்கள் என் கைக்காசில் பாதியைத் தின்றுவிடும். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஓடுகிற மீட்டரை வீணாக்க மனம் வராமல் நாங்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டே இருப்போம். இரண்டு வருடத்தில் அவர் "நல்லா இருக்கியா?" என்று என்னைத் தமிழில் கேட்க ஆரம்பித்தார். பூட்டு கீழே வந்து ரிசீவரை வாங்கி, "ம்" என்பாள். அந்த "ம்"முக்குத்தான் அத்தனை செலவு.

எனக்கும் கல்யாணமானது. நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டேன். எங்கள் இருவரின் கணவர்களும் நண்பர்களாகிவிடுவார்கள் என்று நாங்கள் கனவு கண்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "அங்கே குளிர் எப்படி?" என்று இவர் கேட்பார். "அங்கே வெயில் எப்படி?" என்று அவர் கேட்பார். பிறகு இருவரும் போனை எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். இருவருக்கும் இடையில் நல்ல மரியாதை இருக்கிறது. வானிலை நிலவரத்தைத் தாண்ட இன்னும் துணிவு வரவில்லை. பிள்ளைகள் அதுவும் இல்லை. அவள் மகன் இந்தியில் சிரிப்பான், என் மகள் தமிழில் முறைப்பாள்.

2020 ஊரடங்கில்தான் அந்த அம்மாவின் கைக்கு ஸ்மார்ட்போன் வந்தது. அதோடு எங்கள் நட்பின் நிர்வாகமும் அவர் கைக்குப் போயிற்று. காலையில் மலர்ப் படம், மதியம் சமையல் கேள்வி, இரவு உடல்நல விசாரணை. என் மாமியாரின் மூட்டுவலியிலிருந்து என் மகளின் செமஸ்டர் மதிப்பெண் வரை அவருக்கு அத்துப்படி. ஒருமுறை பூட்டிடம் ஒரு செய்தியை ஆவலோடு சொல்லப் போனால், "அத்தை நேற்றே சொல்லிவிட்டார்" என்றாள். உண்மையைச் சொன்னால், கடந்த சில ஆண்டுகளில் எங்கள் நட்பு அறுபடாமல் இருப்பது அவரால்தான். பூட்டை நம்பியிருந்தால் "ம்" மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு தகராறு, வாழைப்பழம். நான் சிறுமலைப் பழக் கட்சி. தோல் சுருங்கிக் கறுத்த பிறகுதான் அந்த மலைவாழையின் ருசியே தொடங்கும். அவர் நாகர்கோவில் மட்டிப் பழக் கட்சி. 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று எனக்கு வந்த செய்திகளைப் பார்த்தால், அந்தச் சான்றிதழை அவரே நேரில் போய் வாங்கி வந்ததுபோல் இருந்தது. சிறுமலை வாழைக்கு அது எப்போதோ கிடைத்துவிட்டது என்று எழுதினேன். பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று வந்தது. அது சமாதானமா, சவாலா என்று புரியவில்லை.

போன மே மாதம் எல்லோரும் ஊருக்கு வருவதாகத் தகவல் வந்தது. நிஜாமுதீனில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் டிக்கெட். ஏழே சீரில் சொல்லி முடிக்கும் நூலின் பெயரை ஏறத்தாழ இரண்டு நாள் ஓடும் வண்டிக்கு வைத்தவர் யாரோ, நல்ல ரசிகர். வண்டி இரவில் திண்டுக்கல்லைக் கடக்கும், சில நிமிடங்கள் நிற்கும். "இட்லி போதும் மக்களே, உன்னைச் சிரமப்படுத்தக் கூடாது" என்று தொடங்கிய அந்த அம்மா, மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் தனியாக, தேங்காய்ச் சட்டினி வேண்டாம், கெட்டுவிடும், தக்காளித் தொக்கு இருந்தால் நல்லது, தயிர்சாதத்துக்கு மாவடு என்று முடித்தார்.

பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் கணவரும் போய் நின்றோம். என் கையில் இரண்டு தூக்குவாளிகள், அவர் கையில் ஒரு சீப்பு சிறுமலைப் பழம். பெட்டி எங்கே நிற்கும் என்பதில் இரண்டு கணவர்களும் போனில் கலந்தாலோசித்தார்கள். வானிலைக்கு அப்பால் அவர்கள் பேசிய முதல் விஷயம் அது. "எஞ்சினிலிருந்து எண்ணுங்கள்" என்றார் அவர். "எந்தப் பக்கத்து எஞ்சின்?" என்றார் இவர். "வண்டிக்கு ஒரு எஞ்சின்தான்." "நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இன்னும் வண்டியே இல்லையே." இப்படி ஒரு முடிவுக்கு வந்து, அவர்கள் சொன்ன இடத்தில் நின்றோம். வண்டி வந்தது. எங்களுக்கு நேராகச் சமையல் பெட்டி நின்றது.

ஓடினோம். தூக்குவாளியோடு ஓடுவது தனிக்கலை. தொக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பி-3 பெட்டியின் கதவில் இரு கைப்பிடிகளையும் பிடித்தபடி அந்த அம்மா நின்றிருந்தார். வாசலை முழுமையாக நிரப்பியிருந்தார் என்று சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் பூட்டின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பாதி தெரிந்தது.

"இளைத்துவிட்டாயே மக்களே!" என்றார். இளைப்பது வேறு, இரைப்பது வேறு. எனக்கு அப்போது இரைத்துக்கொண்டிருந்தது. என் மாமியாரின் மூட்டுவலி, மகளின் வேலை, இட்லிக்கு எந்த அரிசி, எல்லாம் வரிசையாக வந்தன. பின்னாலிருந்த அரைக் கண்ணாடி மேலே எழும்பியது, கீழே இறங்கியது, இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. "அம்மா, அவளை ஒரு நிமிடம்..." என்றேன். "இதோ வருவாள்" என்றவர், குனிந்து சீப்பை வாங்கி, ஒரு பழத்தை உரித்து, அங்கேயே ருசி பார்த்தார். கண்ணை மூடினார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். வண்டி ஊதியது.

பூட்டு உள்ளே ஓடித் தன் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். ஏ.சி. பெட்டியின் ஜன்னல், திறக்காது. உள்ளே விளக்கு எரிந்ததால் எனக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள். அவளுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை போலும். கண்ணாடியில் நெற்றியை அழுத்தி, கையைக் குவித்துப் பார்த்து, பள்ளிக்கூடத்து அடையாளத்தைக் காட்டினாள். சாவியைச் செருகித் திருகும் சைகை அது. காட்டியது எனக்கில்லை. பத்தடி தள்ளி நின்ற டீக்காரருக்கு. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கேனின் குழாயைத் திருகச் சொல்வதாக நினைத்து ஒரு கோப்பையில் டீயைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை நோக்கி ஓடினார். வண்டி நகர்ந்தது. அந்த டீக்கு என் கணவர் காசு கொடுத்தார்.

மதுரை வருவதற்குள் அந்த அம்மாவின் செய்தி வந்தது: "இட்லி பூப்போல. பழம் பரவாயில்லை. திரும்பும்போது திண்டுக்கல்லில் இறங்கி இரண்டு நாள் தங்குகிறோம்."

தங்கினார்கள். எங்கள் வீட்டில் பேச்சே இல்லாத என் மாமியாருக்கு முன்னால் அந்த அம்மா ஒரு சீப்பு மட்டிப் பழத்தை வைத்தார். என் மாமியார் பேசாமல் எழுந்து போய்ச் சிறுமலைப் பழத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அரை மணி நேரத்தில் இருவரும் என் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் பூட்டும் அடுப்படியில் காபி போட்டோம், கொடுத்தோம், மீண்டும் போட்டோம்.

மறுநாள் காலையில் இரண்டு மாமியார்களும் பழநிக்குக் கிளம்பினார்கள். ரோப் காரில் ஏற வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசையாம். எனக்கே அப்போதுதான் தெரியும். கணவர்கள் இருவரும் காரில் துணைக்குப் போக, பிள்ளைகளும் தொற்றிக்கொண்டார்கள். "நீங்கள் இருவரும் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேச வேண்டும், பேச வேண்டும் என்கிறீர்களே, பேசுங்கள்" என்றார் அந்த அம்மா.

வீடு காலியானது. கூடத்தில் பாயை விரித்து, மின்விசிறிக்கு அடியில் ஆளுக்கொரு தலையணையோடு உட்கார்ந்தோம். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்தது எத்தனையோ இருக்கிறது. "சரி, சொல்" என்றேன். "நீ சொல்" என்றாள். கணக்கு டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அவளுடைய அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருப்பதைச் சொன்னேன். "ம்" என்றாள். அந்த "ம்"மைப் பக்கத்தில் இருந்து கேட்டால் அதில் நிறைய இருக்கிறது. போனில் அது வருவதில்லை. சாய்ந்து படுத்துப் பேசலாம் என்றாள். படுத்தோம்.

அழைப்பு மணி அடித்தபோது மாலை ஐந்து மணி. எங்கள் இருவரின் கன்னத்திலும் பாய்க்கோடு பதிந்திருந்தது. அந்த அம்மா பஞ்சாமிர்த டப்பாவை என் கையில் கொடுத்து, எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் மாமியார்தான், ரோப் கார் கொடுத்த உற்சாகத்தில், "அடுத்த வருஷம் நாங்கள் ராமேஸ்வரம் போகிறோம்" என்று அறிவித்தார். இரண்டு கணவர்களும் காரில் எண்ணெய் எவ்வளவு குடித்தது என்று வாசலில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். முன்னேற்றம்தான்.

அவர்களை வண்டியேற்றப் போன அன்று, பெட்டியின் வாசலில் நின்ற அந்த அம்மா ஒரு போர்ட்டரோடு கூலி பேசத் திரும்பினார். அந்த இடைவெளியில் பூட்டு என் காதருகே வந்தாள்.

"ராமேஸ்வரம் எத்தனை நாளாம்?"

"மூன்று நாள் என்றார்கள்."

"அதற்குள் நல்ல தலையணையாக இரண்டு வாங்கி வை" என்றாள்.