பிரெக்கன் மலைக் குறிப்புகள்: எஸ்.ஏ.எஸ். ஆள் எடுக்கும் விதம்

ஜனவரி 7

பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.-க்கு ஆண்டுக்கு இரு முறை தேர்வு நடக்கும்: குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. அதன் முழுநேரப் பிரிவான 22ஆவது ரெஜிமென்ட்டில் வெளியாட்கள் நேரடியாகச் சேர முடியாது. ஏற்கெனவே ராணுவத்திலோ மற்றப் படைகளிலோ பணியில் இருக்க வேண்டும். 21, 23 இரண்டும் ரிசர்வ் (பகுதிநேர) ரெஜிமென்ட்டுகள். பொதுமக்களுக்கு வழி அங்கேதான்.

1952இல் இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் எஸ்.ஏ.எஸ். அதிகாரி ஜான் உட்ஹவுஸ். மலாயாக் காட்டுப் போருக்காக அவசரமாகத் திரட்டியவர்களில் பலர் கட்டுக்கு அடங்காதவர்கள். அந்தத் தலைவலிக்குக் கண்ட மருந்துதான் வேல்ஸின் பிரெக்கன் மலைகளில் வடிகட்டுவது.

ஜனவரி 11

மலைக் கட்டம் ஏறத்தாழ நான்கு வாரம். அதில் பெயர் பெற்றது 'ஃபேன் டான்ஸ்'. ஸ்டோரி ஆர்ம்ஸில் கிளம்பி, 886 மீட்டர் உயரமுள்ள பென் இ வேன் சிகரத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, பழைய ரோமானியச் சாலை வழியே டார்பாண்டாய் வரை போய், அதே வழியில் திரும்ப வேண்டும். மொத்தம் 24 கி.மீ., சுமார் நான்கு மணி நேரம். சிகரத்தை இரண்டு தடவை தாண்டி இந்த நேரத்துக்குள் முடிக்க நடை மட்டும் போதாது. ஏற்றத்தில் நடை, சமதளத்திலும் இறக்கத்திலும் ஓட்டம். இறக்கத்தில்தான் முழங்கால் போகும்.

ஜனவரி 16

அதன் பிறகு ஒவ்வொருவரும் தனியாள். கையில் வரைபடமும் காம்பஸும். ஒரு சந்திப்பிடத்தை அடைந்ததும் பயிற்றுநர், "இப்போது எங்கே நிற்கிறாய், காட்டு" என்பார். புல் நுனியாலோ காம்பஸ் முனையாலோ காட்ட வேண்டும். விரலை வைத்தால் 1:50,000 அளவு வரைபடத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் மறைந்துவிடும். அடுத்த இடத்தின் கிரிட் எண் (வரைபடக் கட்டங்களில் இடத்தைக் குறிக்கும் எண்) கிடைக்கும். அதை மனத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் குறிக்கக் கூடாது. பகைவர் கையில் சிக்கினால் குறியே காட்டிக்கொடுத்துவிடும். பாதைகளில் போகவும் அனுமதி இல்லை.

மூடுபனி இறங்கிவிட்டால் காலடிதான் கணக்கு. சமதளத்தில் 100 மீட்டருக்கு இடக்கால் எத்தனை முறை ஊன்றுகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு 60, 65 வரும், மூட்டையோடு மேட்டில் ஏறினால் கூடும். ஓடையும் வேலியும் சந்திக்கும் இடத்துக்குப் போக வேண்டுமானால் நேராக அதை நோக்கிப் போகக் கூடாது. வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவைத்தால், ஓடையைத் தொட்டதும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற சந்தேகம் வராது.

இந்தத் தனி நடைகளில் கெடு நேரத்தை யாரும் சொல்வதில்லை. திட்டுவதில்லை, பாராட்டுவதும் இல்லை. கத்தி விரட்டும் பயிற்சிகளுக்குப் பழகியவர்களுக்கு மலையைவிட இந்த மௌனம்தான் கடினம். விலக நினைப்பவர் வாயைத் திறந்து சொன்னால் போதும், லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

ஜனவரி 20

மூட்டையை நிறுத்துப் பார்ப்பார்கள். சாப்பாடும் தண்ணீரும் அந்த எடையில் சேராது, வழியில் தீர்ந்துவிடுமே. துப்பாக்கியைத் தோளில் தொங்கவிடாமல் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். கனமான பொருள் முதுகை ஒட்டி, மேலே இருக்கட்டும். அடியில் போனால் மூட்டை பின்னுக்கு இழுக்கும். குதிகாலில் ஜிங்க் ஆக்சைடு பிளாஸ்திரியைக் கிளம்பும் முன்பே ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் கிளம்பிய பிறகு ஒட்டிப் பயனில்லை.

பிப்ரவரி 2

1979இல் இதே மாதம் எஸ்.ஏ.எஸ். அதிகாரி மேஜர் மைக் கீலி இந்த மலையில் குளிரில் விறைத்து இறந்தார். 1972இல் ஓமானின் மிர்பாத் சண்டையில் எஸ்.ஏ.எஸ். குழுவுக்குத் தலைமை தாங்கியவர். புதியவர்களோடு சேர்ந்து தன் உடல்திறனைச் சோதிக்கக் கிளம்பியபோது, எடைக்காக மூட்டையில் செங்கல் வைத்திருந்தார். எடை கணக்கில் வந்தது, உடுத்த எதுவும் வரவில்லை. அதே எடையை மழைக்கோட்டு, தூங்கும் பை, மாற்றுத் துணி என்று நிரப்புவதே புத்திசாலித்தனம்.

பிப்ரவரி 5

கடைசி நடை 64 கி.மீ., 20 மணி நேரம், சுமார் 25 கிலோ மூட்டை. மணிக்கு 3.2 கி.மீ.தானே என்று தோன்றும். ஏற்றம், சதுப்பு, இருட்டு, வழி தவறுதல் எல்லாம் அதற்குள் அடக்கம். வழக்கமான மலைக் கணக்கில் மணிக்கு 5 கி.மீ. வைத்து, ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டுவார்கள். மூட்டையோடு அது பலிக்காது. மிஞ்சியவர்களுக்குக் காடும், தப்பிப் பிழைக்கும் பயிற்சியும், விசாரணையைத் தாங்குவதும் பாக்கி. பெயர், பதவி, எண், பிறந்த தேதி தவிர வேறெதையும் சொல்லாதிருப்பதே விசாரணையில் வேலை.

ஜூலை 13

2013இல் இதே நாளில் ரிசர்வ் படைத் தேர்வில் 26 கி.மீ. நடையில் வெப்பம் தாக்கி இருவர் இறந்தனர். மூன்றாமவர் அதே மாத இறுதியில் மருத்துவமனையில் இறந்தார். மூட்டை சுமார் 22 கிலோ. வெயில் 27 டிகிரியை எட்டியது. சென்னைக்காரருக்கு அது ஜனவரி மதியம். ஆனால் தசை செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகவே போகிறது. முதுகை மூட்டை மறைத்திருக்க, வியர்வை ஆவியாகவும் வழியில்லை. வெறும் வெப்பமானியைப் பார்த்தால் இது தெரியாது. ஈரப்பதம், நேர்வெயில், காற்று மூன்றும் சேர்ந்த அளவைத்தான் பார்க்க வேண்டும்.

பாதி வழியில் நிற்காதவர்களைத்தான் இந்தத் தேர்வு பொறுக்கி எடுக்கிறது. அவர்களே "எனக்கு முடியவில்லை" என்று சொல்வார்கள் என்று பாதுகாப்பை அவர்கள் தலையில் கட்டியது பெரிய ஓட்டை. வெப்பம் மூளையைக் கலக்கிய பிறகு சொல்லவும் தெரியாது. 2015 மரண விசாரணை, அலட்சியமும் ஒரு காரணம் என்று முடிவு செய்தது. மறு ஆண்டு பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அரசு முறைக் கண்டனமும் வந்தது.

ஜூலை 14

ஒருவர் வெப்பத்தில் சுருண்டால் அவரை மட்டும் இறக்கிவிட்டு நடையைத் தொடர்வது தப்பு. அதே சுமை, அதே வெயில் என்றால் அடுத்தவர் பின்னாலேயே வருகிறார். ஒவ்வொருவரிடமும் ஜி.பி.எஸ். கருவி இருந்தாலும், புள்ளி நகராமல் நிற்பதைத் திரையில் யாராவது தொடர்ந்து பார்த்தால்தான் உபயோகம். உளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம் தெரிந்தால் மூட்டையைக் கழற்றி, கிடைக்கும் குளிர்ந்த நீரில் கழுத்து வரை அமிழ்த்த வேண்டும். தொட்டி இல்லாவிட்டால் ஓடையே போதும், தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.