ஒரு சதுர மீட்டர் சம்பா வயல்

உணவுச் சங்கிலி எழுதச் சொன்னால் புல், மான், புலி என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புலி எதற்கு? நட்டு நாற்பது நாளான சம்பா வயலில் ஒரு சதுர மீட்டரை எண்ணிப் பார்த்தால் சூழலியல் பாடத்தின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று பிவிசி குழாய்களை எல்போ போட்டு 'ப' வடிவில் இணைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் மூடிய சட்டம் பயிர்மேலேயே சிக்கி நிற்கும். ஒரு பக்கம் திறந்திருந்தால் தூருக்கடியில் தள்ளிவிட்டு, நான்காவது குழாயைக் கடைசியில் வைக்கலாம். உள் அளவு சரியாக 100 செ.மீ. இருக்கவேண்டும். வரப்பிலிருந்து இரண்டு மீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். ஓரத்தில் எண்ணினால் வரப்புப் புல்லில் வாழும் பூச்சிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். வயல்காரரிடம் அனுமதி கேட்கும்போதே கடைசியாக மருந்து அடித்த தேதியையும் கேளுங்கள். அண்மையில் அடித்திருந்தால் இறங்க வேண்டாம்.

முதலில் குத்துகளை எண்ணுங்கள். 20க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டிருந்தால் 50 குத்து வரும். திருந்திய நெல் சாகுபடியில் 25க்கு 25 என்றால் 16தான். ஓரிடத்தில் சேர்த்து நட்டது குத்து, அதிலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டும் தூர். குத்து வேறு, தூர் வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகும். அடுத்து, அசையாமல் நின்று பறப்பவற்றை எண்ணவேண்டும்: தட்டான், ஊசித்தட்டான், அந்துப்பூச்சி. கடைசியாகக் குத்தின் அடியைக் கையால் லேசாகத் தட்டினால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியும் சிலந்தியும் தண்ணீரில் விழும். இந்த வரிசையை மாற்றினால் தட்டான் ஒன்றுகூட மிஞ்சாது.

எண்ணியதை உணவு வலையாக வரையும்போது அம்புக்குறியில்தான் பெரும்பாலும் தவறு வருகிறது. தின்பவரிடமிருந்து இரைக்கு அம்பு போடுகிறார்கள். ஆற்றல் போகும் திசையில்தான் போடவேண்டும்: நெல்லிலிருந்து புகையானுக்கு, புகையானிலிருந்து சிலந்திக்கு. இன்னொன்று, ஓர் உயிருக்கு ஒரே உணவூட்ட நிலை, அதாவது உணவுச் சங்கிலியில் ஒரே படி, என்று எழுதிவிட முடியாது. தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசியைத் தின்கிறது, வளர்ந்த தவளை பூச்சியைத் தின்கிறது. தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கொசுப்புழுவைப் பிடிக்கிறது, சிறகு முளைத்தபின் காற்றில் வேட்டையாடுகிறது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சுமார் 10 சதவீத ஆற்றலே போகிறது என்பது 1942இல் சூழலியலாளர் லின்டெமன் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த விதி. அது தோராயக் கணக்குதான். ஆனாலும் இத்தனை பூச்சிக்குச் சில மடையான் கொக்குகள் மட்டுமே வயலில் நிற்பதற்கான காரணத்தை அது சொல்லிவிடுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது புகையான் விஷயம். பெண் புகையான் இலையுறையின் திசுவுக்குள் முட்டை வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் அந்த முட்டையைத் தொடுவதில்லை; வெளியே திரியும் ஓநாய்ச் சிலந்தியையும், முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடுகிறது. ஒன்றிரண்டு வாரத்துக்குள் பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இருக்காது. செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்த வயலில் புகையான் முன்பைவிடப் பெருகுவது இப்படித்தான். இந்தக் கணக்கைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே பார்க்கலாம். தூருக்கு ஒரு புகையான் வந்தால் நடவடிக்கை எடுக்கவேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இரைகொல்லிக்கும் இரைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் எனக்குத் தெரியவில்லை. எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நடுவதும் சூழலியல்தான்: காற்றும் வெயிலும் தூருக்கடியில் இறங்கினால் புகையான் விரும்பும் ஈரப்புழுக்கம் குறைகிறது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் பயிர் அடர்ந்து அந்தப் புழுக்கம் திரும்பிவிடும்.

தண்ணீருக்கடியிலும் பாடம் இருக்கிறது. சேற்றை ஒரு கத்தியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, கீழே சாம்பல் நிறம். பழுப்பில் ஆக்சிஜன் உண்டு, சாம்பலில் இல்லை. காலால் மிதித்தால் கிளம்பும் குமிழிகளில் மீத்தேன் இருக்கும். அழுகிய முட்டை வாடை அடித்தால் ஹைட்ரஜன் சல்பைடு. தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் வீணாவதற்கும் இந்த இரண்டு அடுக்குகள்தான் ஒரு காரணம். மேலடுக்கில் நைட்ரேட்டாக மாறுவது கீழே இறங்கி நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். வெயில் நேரத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி, அம்மோனியாவாகவும் கொஞ்சம் பறக்கும். அதே தண்ணீரில் மிதக்கும் அசோலாவோ, தன் இலைக்குள் வாழும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை வயலுக்குள் கொண்டுவருகிறது.

ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நெல் எப்படி வாழ்கிறது? தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றறைகள் இருக்கின்றன. வேரைக் கழுவிப் பார்த்தால் தெரியும் செம்பழுப்புப் பூச்சு, உள்ளிருந்து கசியும் ஆக்சிஜனால் இரும்பு துருப்பிடித்துப் படிந்தது. பாமணியாறும் கோரையாறும் கடலைச் சேரும் முத்துப்பேட்டையில் அலையாத்திக்கும் இதே சிக்கல், கூடவே உப்பு. அது மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. வெயிலில் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புத்தூள் ஒட்டும்.

ஒருமுறை எண்ணிவிட்டு முடிவு எழுதாதீர்கள். ஒரு வயலில் ஐந்து இடங்களில் சட்டம் வைத்துச் சராசரி எடுங்கள். பத்து நாள் இடைவெளியில் பூக்கும் பருவம் வரை திரும்பப் போங்கள். காலை ஒன்பது மணிக்குள், ஒவ்வொரு முறையும் அதே ஆள் எண்ணவேண்டும். மருந்து அடிக்காத பக்கத்து வயலிலும் அதே நாளில் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.