டிரைவர் எங்கே படுப்பார்?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, திண்டிவனத்தைத் தாண்டியதும் நாங்கள் உட்கார்ந்திருந்த வாடகை வண்டி மெல்ல வலப்பக்கத் தடுப்பை நோக்கிச் சாய்ந்தது. முன் சீட்டில் இருந்த அம்மா "தம்பீ!" என்று கத்தினார். டிரைவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி தப்பியது, நாங்களும் தப்பினோம். அடுத்த டீக்கடையில் நிறுத்தி முகம் கழுவச் சொல்லிவிட்டுக் கேட்டேன். முந்தின நாள் திருப்பதி டிரிப் முடித்து வீடு சேர்ந்தபோது இரவு 11 மணி, எங்களை ஏற்ற 2 மணிக்கு மறுபடி கிளம்பிவிட்டேன் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி அனுப்பிய முதலாளிமேல் வந்தது. கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஏசி உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஓட்டுகிறவர் தூங்கினாரா என்று கேட்காமல் விட்ட என்மேலும் வந்தது.

போன மாதம் கொல்லிமலையும் வால்பாறையும் போகலாம் என்று வீட்டில் முடிவானபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த விடியற்காலைதான்.

அம்மாவுக்கு 72 வயது. கொல்லிமலைக் கோயிலில் அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40. ஏறியதை இறங்கவும் வேண்டும், ஆக மொத்தம் 220. நான் நங்கநல்லூரிலிருந்து கிண்டி வரை தினமும் கார் ஓட்டுகிறவன். மலையில் ஒருநாளும் ஓட்டியதில்லை. அம்மா, மனைவி, மகள் மூவரையும் வைத்துக்கொண்டு அங்கே பழகிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஆக்டிங் டிரைவர்: வண்டி நம்முடையது, ஓட்டுகிறவர் மட்டும் நாள் கூலிக்கு வருவார். செலவு குறைவுதான், ஆனால் நம் வண்டியின் கிளட்சும் பிரேக்கும் எப்படிப் பிடிக்கும் என்று அவருக்குப் பழகவே ஒரு நாள் ஆகும். அதை மலையடிவாரத்தில் பழகுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது, இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் கோயம்புத்தூரில் இறங்கி, அங்கேயே ஒரு வண்டி பிடிப்பது. வால்பாறை மட்டும் போவதாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். டிரைவர் புதிதாகத் தூங்கி எழுந்து வருவார், அந்த மலை அவருக்குக் கைவசம் இருக்கும். எங்களுக்குக் கொல்லிமலையும் சேர்ந்ததால் மூன்றாவது வழி: சென்னையிலேயே மஞ்சள் போர்டு வண்டி, டிரைவரோடு. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தோன்றும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்தென்று வந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

ஐந்தாறு டிராவல்ஸுக்கு போன் செய்தேன். இந்த முறை கேள்விகளின் வரிசையை மாற்றினேன். முதல் கேள்வி: வரப்போகிற டிரைவருக்கு முந்தின நாள் டிரிப் இருக்கிறதா? இரண்டாவது: மலையில் எத்தனை வருடம்? மூன்றாவது: அவரிடமே நான் பேச முடியுமா? இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்" என்று ரேட்டுக்குத் தாவினார். கடைசியில் ஒருவர் மட்டும் "இருங்க, அவரையே பேசச் சொல்றேன்" என்றார்.

பேசியவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஆனைமலைப் பக்கம் பிறந்தவர், இளம் வயதில் எஸ்டேட் லாரியில் கிளீனராக ஏறி இறங்கித் தொழில் கற்றவர், இப்போது குடும்பத்தோடு கொரட்டூரில். பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். என் திட்டத்தைக் கேட்டார். ஐந்து நாள், கடைசி நாள் காலை 6 மணிக்கு வால்பாறையில் கிளம்பி இரவுக்குள் சென்னை என்று நான் போட்டிருந்தேன். "அது வேணாம் சார். நாப்பது வளைவு எறங்கிட்டு, அதுக்கப்புறம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல ஹைவே. எனக்குக் கண்ணு நிக்காது. சேலத்துல ஒரு ராத்திரி போடுங்க." தன்னால் முடியாததை வாடிக்கையாளரிடம் முதல் போனிலேயே சொல்கிற ஒருவரைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். ஆறு நாளாக்கினேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். இன்னோவாவுக்குக் கிலோமீட்டர் 20 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், டிரைவரின் தினப்படியான பேட்டா 600, டோல், பார்க்கிங் தனி, மலைக்கு ஹில்ஸ் சார்ஜ் தனி என்று எங்களுக்குப் பேசினார்கள். 250 என்பதை நாளுக்கு நாள் பிடிப்பார்களா, மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பார்களா என்று முன்பே கேளுங்கள். வால்பாறையில் வண்டியே எடுக்காமல் இருந்தாலும் அன்றைக்கு 250 கணக்கில் ஏறும். கிலோமீட்டர் கணக்கு ஷெட்டிலிருந்து, அதாவது அவர்கள் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து, திரும்ப ஷெட் வரை. நம் வீட்டு வாசலில் தொடங்காது. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினேன்.

காலை 4 மணிக்குக் கிளம்பினோம். பெருங்களத்தூர் நெரிசலுக்கு முன்பே பரனூர் டோலைத் தாண்டியாயிற்று. விழுப்புரத்தில் இட்லி, உளுந்தூர்பேட்டையில் வலப்பக்கம் திரும்பிக் கள்ளக்குறிச்சி, ஆத்தூர். அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

காரவள்ளியில் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். டயர்களைச் சுற்றிவந்து பார்த்தார், ஸ்டெப்னியில் காற்றைத் தட்டிப் பார்த்தார். அம்மாவை முன் சீட்டுக்கு மாற்றி, "தூரத்து ரோட்டையே பாருங்கம்மா, போனைப் பார்க்காதீங்க" என்றார். மகளுக்கும் அதே உத்தரவு. ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினார். மேலிருந்து வரும் ஹாரன் காதில் விழ வேண்டும், பிரேக் லைனர் கருகினால் மூக்குக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். இருபதுக்கு மேல் எனக்கு எண்ணில் கவனம் போகவில்லை, அண்ணனின் கண்கள் போன திசையில்தான் கவனம். அவர் கண் எதிர் வளைவில் நிற்கவில்லை, அதற்கும் மேலே இரண்டு அடுக்கு தள்ளி மரங்களுக்கிடையே தெரிந்த சாலையைத் தொட்டுத் தொட்டு வந்தது. திடீரென்று அகலமான ஓரிடத்தில் நிறுத்தினார். எதிரே யாருமில்லை. "பஸ் வருது சார், மேல." ஒரு நிமிடம் கழித்து அரசுப் பேருந்து முழு வளைவையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. நாங்கள் அந்த வளைவிலேயே போய்ச் சிக்கியிருந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்ட விதியிலும் இருக்கிறது. ஆனாலும் பஸ் என்றால் நான் நின்றுவிடுவேன் என்றார், அதற்குத் திரும்ப இடம் வேண்டுமே. மறுநாள் நாங்கள் இறங்கும்போது ஏறி வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவர் ஒதுங்கி நின்றார்.

அம்மா ஒரு முறைகூட வாந்தி எடுக்கவில்லை. எலுமிச்சம்பழம் கையில் அப்படியே இருந்தது.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் கடந்து விடுதிக்குப் போனோம். டிரைவருக்கு அறை இருக்கிறதா என்று கேட்டேன். "வண்டியிலேயே படுத்துக்குவாங்க சார், எல்லா டிரைவரும் அப்படித்தான்." அண்ணனும் உடனே "பழகிடுச்சு சார்" என்றார். இந்த வார்த்தையைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. நாற்பது டிகிரி சாய்ந்த சீட்டில், மலைக்குளிரில், கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டுகிற பெட்டிக்குள் ஒரு மனிதர் ராத்திரியைக் கழிக்கிறார். மறுநாள் காலை நம் குடும்பத்தின் உயிரை அவர் கையில் கொடுத்து 70 வளைவு இறங்கச் சொல்கிறோம். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குத் தங்க இடமும் கழிப்பறையும் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தியே ஆகிவிட்டது. விதி வந்த பிறகும் வரவேற்பறையில் பதில் மாறவில்லை. தனி அறை ஒன்று எடுத்தேன், 900 ரூபாய். அந்தப் பயணத்தில் நான் செய்த செலவுகளிலேயே இதற்குத்தான் பயன் அதிகம்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் அம்மா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் மகளும் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறினோம். திரும்பி வந்தபோது கால் நடுங்கியது, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் இரண்டு டம்ளர் குடித்த பிறகே பேச முடிந்தது.

மறுநாள் இறக்கத்தில்தான் அந்தக் கருகல் வாடை. எங்கள் வண்டியுடையது இல்லை. கீழே ஒரு வளைவில் நான்கு இளைஞர்கள் காரை நிறுத்தி, புகை வந்த முன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனார்கள். அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே போய் நிறுத்தி இறங்கினார். "ஊத்தாதீங்க தம்பி, சூட்டுல டிஸ்க் கோணிடும். நியூட்ரல்லயா வந்தீங்க?" பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைத்தார்களாம். அவர் நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார்: ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். கியரில் இருந்தால் இன்ஜினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை பாதியாகக் குறையும். விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இக்காலத்து வண்டிகளில் கியரோடு, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இறங்கும்போது இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் செலவாகும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் அவர்களோடு நாங்களும் நின்றோம். நேரம் போகிறதே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நாமக்கல், காங்கேயம் வழியாகப் பொள்ளாச்சி. காங்கேயம் தாண்டியதும் அண்ணன் பேச்சில் கொங்குப் பக்கத்து "ங்க" திரும்பி வந்துவிட்டது. சென்னையில் இருபது வருடம் ஒளித்து வைத்திருந்தது போலும். "இனி நம்மூருங்க" என்றார் அம்மாவிடம்.

வால்பாறைக்கு 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்துவிட்டது. சென்னையிலேயே வண்டி எண்ணைப் போட்டு எடுத்து வைத்திருந்ததால் ஆழியாறு சோதனைச் சாவடியில் தாமதமில்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை. கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய நீர் போலக் கிடந்தது. பாறை விளிம்பில் இரண்டு வரையாடுகள், எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அட்டகட்டி தாண்டிக் கவர்க்கல்லில் மூடுபனி இறங்கியது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. நானாக இருந்தால் ஹைபீம் போட்டிருப்பேன். பனியில் அது வெள்ளைச் சுவராகத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். அண்ணன் லோ பீமில், இரண்டாவது கியரில், இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனார். வண்டிக்குள் யாரும் பேசவில்லை. பதினைந்து நிமிடத்தில் தேயிலைச் சரிவு பச்சையாகத் திறந்துகொண்டது.

புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளைப் பார்த்தோம். சாலைக்கு மேலே அவை கடப்பதற்குக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். மாலையில் வெளியே போகலாமா என்று கேட்டதற்கு அண்ணன் எஸ்டேட் சாலையோரத்துக் கம்பம் ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் யானை இருந்தால் அதில் சிவப்பு விளக்கு எரியும். ஊர்க்காரர்களே அதைப் பார்த்துத்தான் நடமாடுகிறார்கள். ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட்டோம். இங்கே தங்கிய வீட்டில் டிரைவருக்குக் கட்டில், கம்பளி, வெந்நீர் எல்லாம் கேட்காமலே வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்கார அம்மாவிடம் நன்றி சொன்னபோது, "அவருந்தானேங்க விருந்தாளி" என்றார்.

சேலத்தில் ஓர் இரவு தங்கி, ஆறாம் நாள் மதியம் பெருங்களத்தூர் வந்தோம். அண்ணனின் போன் ஒலித்தது, ஸ்பீக்கரில் போட்டார். முதலாளிதான்.

"எங்க இருக்க? நைட்டு பத்து மணிக்குத் திருப்பதி பிக்கப் ஒண்ணு, வில்லிவாக்கம்."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சரிங்க" என்றார். போனை வைத்த பிறகு, "பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும் சார். போய் ஆறு மணி நேரம் படுத்துருவேன்."

வீட்டு வாசலில் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன்: முடிவு 1.10, மொத்தம் 1,412 கிலோமீட்டர். அம்மா கட்டிக் கொடுத்த கொல்லிமலை மிளகுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். நான் உள்ளே போய் முதலாளிக்குப் போன் செய்து, அந்தத் திருப்பதி டிரிப்பைக் காலை 4 மணிக்குத் தள்ள முடியுமா என்று கேட்டேன். "பார்ட்டிகிட்ட கேட்டுப் பார்க்கறேன் சார்" என்றார்.